டெக்னோ இசை: பிறந்த மண்ணும் காட்டிய திரையும்

முன்னுரை

நிலத்திற்கேற்ப இசை பிறக்கும் என்பது தமிழர் கண்ட உண்மை. திணைகளுக்குரிய கருப்பொருள்களைத் தொகுத்துரைக்கும் தொல்காப்பியர், தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறார். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை என்றும், பாலைக்குத் துடி என்றும் பின்வந்த இலக்கணிகள் விரித்துரைப்பர். ஒரு நிலத்து மக்கள் எதை உண்டனர், எத்தொழில் செய்தனர் என்று கேட்பது போலவே, எதைக் கொட்டினர், எதை மீட்டினர் என்றும் கேட்க வேண்டும் என்பது நம் முன்னோர் நமக்குக் கற்பித்த நெறி.

அந்நெறியைத் துணையாகக் கொண்டு அயல்நாட்டு இசை ஒன்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். டெக்னோ என்று வழங்கும் அவ்விசையை நம் மாணவர்கள் அறிவர். நம் பெரியவர்களோ அதனை இசை என்று ஒப்புவதற்கே தயங்குவர். "இயந்திர இரைச்சல்" என்பது அவர்தம் தீர்ப்பு. அத்தீர்ப்பை மறுப்பதற்காக நாம் இதனை எழுதவில்லை. அவ்விரைச்சல் எந்த மண்ணில், எவர் கையில், எத்தகைய சூழலில் பிறந்தது என்பதை அறிந்த பின்னர்த் தீர்ப்பு வழங்குவதே முறை என்று கருதுகிறோம். அவ்விசையையும் அதன் சுற்றத்தையும் திரையில் காட்டிய இசை வீடியோக்கள் பிறப்பிடத்தை வெளிப்படுத்தினவா, மறைத்தனவா என்னும் வினாவும் இதனோடு பிணைந்தது. இரண்டையும் ஒருங்கே காண்போம்.

டெக்னோ என்பது யாது?

டெக்னோ என்பது மின்னணுக் கருவிகளைக் கொண்டு ஆக்கப்படும் ஆடலிசை. பெரும்பாலும் அதில் பாடகர் இல்லை. பாட்டுக்குரிய சொற்களும் இல்லை. நான்கு அடிகள் கொண்ட தாளம், நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 முதல் 150 அடிகள் என்னும் விரைவில் ஒரே சீராகச் செல்லும். அதன்மேல் தாழ்ந்த சுரங்களால் ஆகிய ஒலிவரி ஒன்றும், சிந்தசைசரின் சிறுசிறு ஒலித்துணுக்குகளும் அடுக்கடுக்காய் வந்து சேரும். பின் ஒவ்வொன்றாய் விலகும். பல்லவியும் சரணமும் எதிர்பார்த்துக் கேட்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். தறிக்கூடத்தின் ஓரத்தில் நின்று, ஒரே சீரான ஓசைக்குள் தறிக்குத்தறி வேறுபடும் நுணுக்கத்தைக் காதால் பிரித்தறிபவர் போலக் கேட்பவருக்கே அதன் நயம் விளங்கும்.

இவ்விசையின் முதன்மைக் கருவி டிரம் மெஷின் எனப்படும் தாளப் பொறி. ஜப்பானியரான இகுதாரோ காகேஹாஷி 1972இல் நிறுவிய ரோலண்டு நிறுவனம், 1980இல் டி.ஆர்-808 என்னும் பொறியை வெளியிட்டது. அதன் முகப்பில் வரிசையாகப் 16 பொத்தான்கள் இருக்கும். தாளத்தின் ஒரு சுழற்சியைப் 16 கூறுகளாகப் பகுத்து, எந்தக் கூறில் எந்த அடி விழ வேண்டும் என்று பொத்தானை அழுத்திக் குறித்துவிட்டால், பொறி அதனைச் சோர்வின்றித் திரும்பத் திரும்ப ஒலிக்கும். மெய்யான முரசின் ஒலியை அப்பொறி பதிவு செய்து வைத்திருக்கவில்லை. மின்சுற்றுகளின் வழியாகவே ஒலியை ஆக்கியது. ஆதலின் அது முரசு போல ஒலிக்கவில்லை என்று பலர் குறை கூறினர். மெய்யான முரசொலிகளைப் பதிந்து வைத்திருந்த லின் எல்.எம்-1 என்னும் பொறியின் விலை ஏறத்தாழ 5,000 டாலர். 808இன் விலையோ 1,195 டாலர். விலை குறைந்திருந்தும் எதிர்பார்த்த விற்பனை இல்லாமையால் 1983இல் அதன் உற்பத்தி நின்றது.

கிதார் வாசிப்பவர் துணையின்றிப் பயிற்சி செய்யும்போது தாழ்சுர ஒலியை அளிப்பதற்கென அந்நிறுவனமே வெளியிட்ட டி.பி-303 என்னும் பொறிக்கும் இதே கதி நேர்ந்தது. இவ்வாறு சந்தை தள்ளிய கருவிகள் பழம்பொருட் கடைகளுக்கு வந்து, இளைஞர்களின் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தன. 1983இல் மிடி என்னும் பொது இணைப்புமுறை நடைமுறைக்கு வந்தபின், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றோடொன்று இணைத்து, தனியொருவரே தம் வீட்டு அறையில் அமர்ந்து ஒரு முழு இசைக்குழுவின் பணியைச் செய்ய முடிந்தது. டெக்னோவின் பிறப்புக்கு இப்பொருளியல் நிலையும் ஒரு காரணம் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

பிறந்த மண்: டெட்ராயிட்

அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ளது டெட்ராயிட் நகரம். அந்நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் 1913இல் ஹென்றி ஃபோர்டு, நகரும் தொகுப்பு வரிசையை அமைத்தார். தொழிலாளி நின்ற இடத்திலேயே நிற்க, செய்பொருள் அவரை நோக்கி நகர்ந்து வரும் முறை அது. 1914இல் நாட்கூலியாக 5 டாலர் அறிவிக்கப்பட்டது. தென் மாநிலங்களில் நிறவெறிக் கொடுமைக்கு ஆளான கறுப்பின மக்கள், பிழைப்பையும் மானத்தையும் நாடி இலட்சக்கணக்கில் வடபுல நகரங்களுக்குப் பெயர்ந்தனர். டெட்ராயிட் அவர்களுடைய பெரும் புகலிடங்களுள் ஒன்றாயிற்று.

ஃபோர்டு நிறுவனத்தின் தொகுப்பு வரிசையில் வேலை பார்த்த பெரி கோர்டி என்னும் கறுப்பினத்தவர், 1959இல் அந்நகரில் பின்னாளில் மோட்டவுன் எனப் புகழ்பெற்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கார் உருவாவது போலவே, பாட்டும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு நகர்ந்து முழுமை பெறும் முறையை அவர் அங்கே கையாண்டார். அந்த நிறுவனமும் 1972இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் பெயர்ந்துவிட்டது.

அதற்கு முன்பே நகரின் தேய்வு தொடங்கியிருந்தது. 1967 ஜூலையில் மூண்ட கலவரத்தில் 43 பேர் மாண்டனர். வெள்ளையர் குடும்பங்கள் புறநகர்களுக்கு வெளியேறும் போக்கு முன்னினும் விரைந்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, எஞ்சியவற்றில் மனிதர் செய்த வேலையை ரோபோக்கள் செய்யத் தொடங்கின. 1950இல் ஏறத்தாழ 18.5 இலட்சமாக இருந்த மக்கள்தொகை, 1980இல் ஏறத்தாழ 12 இலட்சமாகக் குறைந்தது, 2010இல் 7.14 இலட்சத்தை எட்டியது. ஒரு காலத்தில் இயந்திரம் சோறிட்ட நகரம், அதே இயந்திரத்தால் வேலையிழந்து நின்றது. டெக்னோவின் கருப்பொருள் இதுவே எனலாம்.

காற்றில் வந்த வித்து

வித்து வானொலியின் வழியே வந்தது. எலெக்ட்ரிஃபையிங் மோஜோ என்னும் புனைபெயர் கொண்ட அறிவிப்பாளர் ஒருவர், 1970களின் பிற்பகுதியிலிருந்து டெட்ராயிட்டின் டபிள்யூ.ஜி.பி.ஆர். முதலிய நிலையங்களில் இரவு நிகழ்ச்சி நடத்தினார். கறுப்பினத்தார் இசை, வெள்ளையர் இசை என்னும் பாகுபாட்டை அவர் ஏற்கவில்லை. ஜார்ஜ் கிளின்டனின் ஃபங்க் இசை, பிரின்ஸ், ராக் குழுக்கள், ஜெர்மானிய மின்னணு இசை ஆகிய அனைத்தையும் ஒரே இரவில் அடுத்தடுத்து ஒலிபரப்புவார். நள்ளிரவில், கேட்பவர்கள் தத்தம் வீட்டு வாயில் விளக்குகளையும் வண்டி விளக்குகளையும் ஏற்றித் தாம் கேட்டுக்கொண்டிருப்பதைத் தெரிவிக்குமாறு வேண்டுவார். அவர் தம் முகத்தை ஊடகங்களில் காட்டிக்கொள்வதைத் தவிர்த்தவர் என்பது இக்கட்டுரையின் பொருளுக்கு மிக இயைந்த செய்தியாகும்.

அவர் விரும்பி ஒலிபரப்பிய குழுக்களுள் ஒன்று, ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரைச் சேர்ந்த கிராஃப்ட்வெர்க். ரால்ஃப் ஹூட்டரும் ஃப்ளோரியன் ஷ்னைடரும் 1970இல் தொடங்கிய அக்குழு, நெடுஞ்சாலையைப் பற்றி 1974இல் "ஆட்டோபான்", தொடர்வண்டியைப் பற்றி 1977இல் "டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்", கணிப்பொறியைப் பற்றி 1981இல் "கம்ப்யூட்டர் வேர்ல்டு" என அடுத்தடுத்து இசைத்தொகுப்புகளை வெளியிட்டது. தொழில்நகரமான டெட்ராயிட்டின் இளைஞர்களுக்கு அவ்வோசை அயலாகத் தோன்றவில்லை. தம் ஊர்த் தொழிற்சாலையின் ஓசையாகவே அது பட்டது.

மூன்று மாணவர்கள்

டெட்ராயிட்டிலிருந்து ஏறத்தாழ 30 மைல் தொலைவில் உள்ள பெல்வில் என்னும் சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் கறுப்பின மாணவர் மூவர் நண்பராயினர். 1962இல் பிறந்த ஹுவான் ஆட்கின்ஸ், 1963இல் பிறந்த டெரிக் மே, 1964இல் பிறந்த கெவின் சாண்டர்சன் என்போர் அம்மூவர். மோஜோவின் நிகழ்ச்சியைக் கேட்டும், கேட்டதைப் பற்றி ஓயாது விவாதித்தும் அவர்கள் வளர்ந்தனர். வருங்காலவியல் அறிஞர் ஆல்வின் டாஃப்ளரின் நூல்களில் ஆட்கின்ஸ் ஈடுபாடு கொண்டார். அவருடைய "மூன்றாம் அலை" என்னும் 1980ஆம் ஆண்டு நூலில் வரும் டெக்னோ கலகக்காரர்கள் என்னும் கருத்து அவர் உள்ளத்தில் பதிந்தது. இயந்திரத்தைக் கண்டு அஞ்சாமலும் அதற்கு அடிமையாகாமலும் அதனைத் தம் வயப்படுத்துவோரே அக்கலகக்காரர்கள்.

ஆட்கின்ஸ், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ரிக் டேவிஸ் என்பவருடன் சேர்ந்து சைபோட்ரான் என்னும் குழுவை அமைத்தார். 1981இல் அவர்களுடைய "ஆலீஸ் ஆஃப் யுவர் மைண்டு" என்னும் தட்டு வெளிவந்தது. 1983இல் "கிளியர்" வந்தது. 1985இல் ஆட்கின்ஸ் தனித்து நின்று, மாடல் 500 என்னும் பெயரில், தம் சொந்த மெட்ரோப்ளெக்ஸ் நிறுவனத்தின் வாயிலாக "நோ யூ.எஃப்.ஓ.ஸ்" என்னும் தட்டை வெளியிட்டார். டெரிக் மே டிரான்ஸ்மேட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி 1987இல் "ஸ்டிரிங்ஸ் ஆஃப் லைஃப்" என்னும் தட்டை அளித்தார். சாண்டர்சன் தம் இன்னர் சிட்டி குழுவின் வாயிலாக 1988இல் "பிக் ஃபன்", "குட் லைஃப்" ஆகியவற்றை வெளியிட்டு, பிரிட்டனின் முதல் பத்து இடங்களுக்குள் இரண்டையும் ஏற்றினார். ஜார்ஜ் கிளின்டனும் கிராஃப்ட்வெர்க் குழுவும் ஒரு மின்தூக்கிக்குள் சிக்கிக்கொண்டது போன்றது எங்கள் இசை என்று டெரிக் மே நகைச்சுவையாகக் கூறிய விளக்கம் பெரிதும் புகழ்பெற்றது. பெரி கோர்டியின் இசையைக் காட்டிலும் ஃபோர்டின் ரோபோக்களே தம்மை ஈர்ப்பதாக ஆட்கின்ஸ் கூறியதுண்டு. முன்னோர் தொகுப்பு வரிசையைப் பின்பற்றி இசைத்தனர். இவர்கள் அவ்வரிசை ஓய்ந்த பின் எஞ்சிய அமைதியில் இசைத்தனர்.

பெயர் நிலைத்த ஆண்டு 1988. பிரிட்டனின் வர்ஜின் நிறுவனத்தைச் சார்ந்த டென் ரெக்கார்ட்ஸ், டெட்ராயிட் இசைத் தொகுப்பு ஒன்றை வெளியிட முனைந்தது. சிகாகோ நகரில் பிறந்து அப்போது பரவியிருந்த ஹவுஸ் இசையின் கிளையாகவே அதனைக் கருதி, ஹவுஸ் என்னும் சொல்லையே தலைப்பில் இடுவதாக முதலில் திட்டமிட்டனர். ஆட்கின்ஸ் அளித்த பாடல் ஒன்றின் பெயரில் டெக்னோ என்னும் சொல் இருந்தது. தொகுப்பின் தலைப்பு மாற்றப்பட்டது; தனிப்பெயரோடு ஓர் இசை உலகுக்கு அறிமுகமாயிற்று.

கருவி மட்டும் போதுமா?

இவ்விடத்தில் ஐயம் ஒன்று எழலாம். கருவிகளே இவ்விசையைப் பிறப்பித்தன எனின், அவை கிடைத்த பிற நாடுகளில் அது பிறந்திருக்க வேண்டாவோ? விடை நம் நாட்டிலேயே உள்ளது. பம்பாய்த் திரையிசைக் கலைஞரான சரண்ஜித் சிங், டி.ஆர்-808, டி.பி-303, ஜூபிட்டர்-8 ஆகிய ரோலண்டு கருவிகளைக் கொண்டு, பைரவ், லலித், மேக மல்ஹார் முதலிய பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து 1982இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். டி.பி-303இன் நெளியும் ஒலியையே உயிராகக் கொண்ட ஆசிட் ஹவுஸ் என்னும் இசைவகை, சிகாகோவின் ஃபியூச்சர் குழு 1987இல் வெளியிட்ட "ஆசிட் டிராக்ஸ்" தட்டின் வாயிலாகவே உலகறிந்தது. அதற்கு ஐந்தாண்டு முன்பே அதனை ஒத்த ஒலியைப் பம்பாய் கேட்டுவிட்டது. ஆயினும் அத்தட்டு அன்று விலைபோகவில்லை. 2010இல் நெதர்லாந்து நிறுவனம் ஒன்று மறுபதிப்பாக வெளியிட்டபோதுதான் உலகம் அதனை வியந்தது. சரண்ஜித் சிங் 2015இல் மறைந்தார்.

கருவி இருந்தது, கலைஞரும் இருந்தார். ஆனால் அவ்வோசையைத் தம் வாழ்வின் ஓசையாக ஏற்கும் மக்கள் கூட்டம் அங்கு அமையவில்லை. டெட்ராயிட்டில் அது அமைந்தது. திணைக்கு உரியதாய் அமையாத பறை தனித்தே ஒலித்து அடங்கும் என்பதற்கு இது சான்று.

1981: இரு தொடக்கங்கள்

சைபோட்ரானின் முதல் தட்டு வந்த அதே 1981ஆம் ஆண்டின் ஆகஸ்டு முதல் நாளில் அமெரிக்காவில் எம்.டி.வி. ஒளிபரப்பைத் தொடங்கியது. வானொலி நட்சத்திரத்தை வீடியோ கொன்றுவிட்டது என்னும் பொருள்படத் தலைப்பிட்ட பகிள்ஸ் குழுவின் பாடலே அதன் முதல் ஒளிபரப்பு. பாடல்களுக்கெனச் சில நிமிடக் குறும்படங்களை இசை நிறுவனங்களே எடுத்துத் தந்தன. அவற்றை நாள் முழுதும் காட்டுவது அந்த அலைவரிசையின் பணி. அன்று முதல் பாட்டுக்குக் காது போதாது, கண்ணும் வேண்டும் என்றாயிற்று. குரலோடு முகமும் விற்பனைப் பொருளாயிற்று.

தொடக்கக் காலத்தில் அத்திரையில் கறுப்பினக் கலைஞர்கள் அரிதாகவே தோன்றினர். தம் பாடலை ஏற்க மறுத்ததாக ரிக் ஜேம்ஸ் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். 1983இல் பேட்டி ஒன்றின்போது, கறுப்பினக் கலைஞர்களை ஏன் காட்டுவதில்லை என்று டேவிட் போவி அந்த அலைவரிசையின் அறிவிப்பாளரிடமே நேர்பட வினவினார். அதே ஆண்டில் மைக்கேல் ஜாக்சனின் "பில்லி ஜீன்" அடிக்கடி ஒளிபரப்பாகி அத்தடையைத் தகர்த்தது. ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 14 நிமிட "திரில்லர்" வந்தது. ஆயினும் கதவு திறந்தது பெருநட்சத்திரங்களுக்கே. வீட்டு அறையில் தட்டுகளை ஆக்கித் தம் செலவிலேயே வெளியிட்ட டெட்ராயிட் இளைஞர்களிடம் வீடியோ எடுக்கும் வசதி ஏது?

எனினும் டெட்ராயிட் தனக்கென ஒரு திரையைப் பெற்றிருந்தது. அமெரிக்கப் பெருநிலத்தில் கறுப்பின மக்களுக்கு உரிமையான முதல் தொலைக்காட்சி நிலையமாகிய டபிள்யூ.ஜி.பி.ஆர். 1975இல் அங்கே தொடங்கியது. அதில் 1987 வரை "தி சீன்" என்னும் ஆடல் நிகழ்ச்சி நடைபெற்றது. உள்ளூர் இளைஞர்கள் வந்து, புதிய தட்டுகளுக்கேற்ப ஆடுவார்கள், அவ்வளவே நிகழ்ச்சி. "ஆலீஸ் ஆஃப் யுவர் மைண்டு" வெளிவந்த ஆண்டிலேயே வந்து, முதல் டெக்னோத் தட்டு எது என்னும் விவாதத்தில் அதனோடு போட்டியிடுவது, எ நம்பர் ஆஃப் நேம்ஸ் குழுவின் "ஷேரவாரி". அதற்கு அவ்விளைஞர்கள் ஆடிய காட்சி இன்றும் கிடைக்கிறது. எவரும் அதனை விளம்பரமாக எடுக்கவில்லை. ஆயினும் டெக்னோ எவருடைய இசை என்பதற்கு அதனினும் சிறந்த திரைச்சான்று ஒன்றை நாம் அறியோம்.

குரல் ஒருவருடையது, முகம் மற்றொருவருடையது

1980களின் இறுதியில் ஐரோப்பாவில் இவ்வகை ஆடலிசை பெரும் வணிகமாயிற்று. முகமில்லாத இசைக்கு முகம் ஒன்றை ஒட்டவைக்கும் வழக்கம் அப்போது தோன்றியது. பெல்ஜியம் நாட்டின் டெக்னோட்ரானிக் குழு 1989இல் "பம்ப் அப் தி ஜாம்" என்னும் பாடலை வெளியிட்டது. அமெரிக்கப் பட்டியலில் அது இரண்டாம் இடம் வரை சென்றது. பாடியவர் காங்கோவில் பிறந்த யா கிட் கே. வீடியோவிலும் தொகுப்பின் அட்டையிலும் தோன்றியவரோ ஃபெல்லி என்னும் விளம்பர அழகி. பாடாதவர் வாயசைக்க, பாடியவர் மறைந்து நின்றார். உண்மை வெளிப்பட்ட பின்னரே யா கிட் கேயின் பெயர் நிலைபெற்றது.

ஹவுஸ் இசையைச் சார்ந்த சி அண்டு சி மியூசிக் ஃபேக்டரி 1990இல் வெளியிட்ட பாடலில் இன்னும் பெரிய அநீதி நிகழ்ந்தது. உலகெங்கும் ஒலித்து, 1991இல் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தை அடைந்த அப்பாடலின் ஓங்கிய பெண்குரல் மார்த்தா வாஷ் என்பவருடையது. வீடியோவில் அக்குரலுக்கு வாயசைத்தவர் மெலிந்த தோற்றமுடைய ஜெல்மா டேவிஸ். மார்த்தா வாஷ் வழக்குத் தொடுத்தார். அதன் பயனாக, குரல் இவருடையது, தோற்றம் அவருடையது என்னும் குறிப்பு எம்.டி.வி.யில் அந்த வீடியோவோடு சேர்க்கப்பட்டது. பாடியவர் பெயரை முறையாகக் குறிக்க வேண்டும் என்னும் உணர்வு இசையுலகில் வலுப்பெற அவருடைய போராட்டம் உதவியது. பருத்த உடல் விற்காது என்று கருதிய திரை, குரலை மட்டும் திருடிக்கொண்டது என்றே இதனைச் சொல்ல வேண்டும்.

முகம் மறைத்தவர்கள்

இத்திருட்டுக்கு எதிராக டெட்ராயிட்டில் எழுந்த விடை வியப்பானது. மைக் பேங்க்ஸ், ஜெஃப் மில்ஸ் ஆகியோர் 1990ஐ ஒட்டித் தொடங்கி, ராபர்ட் ஹூடும் இணைந்த அண்டர்கிரவுண்டு ரெசிஸ்டன்ஸ் என்னும் குழுவினர், முகத்தை மூடிக்கொண்டே மேடையேறினர். பெரும் இசை நிறுவனங்களோடு உடன்படிக்கை செய்ய மறுத்தனர். முகத்தைக் கேளாதீர், ஓசையைக் கேளுங்கள் என்பதே அவர்கள் கொள்கை. முகமில்லாமை இவர்களுக்குப் பிறர் சுமத்திய இழிவன்று. தாமே பூண்ட கவசம்.

அவ்விசை பெர்லினில் மறுபிறவி எடுத்தது. 1989 நவம்பர் 9ஆம் நாள் பெர்லின் சுவர் திறந்தபின், கிழக்குப் பகுதியில் கைவிடப்பட்ட கட்டடங்கள் இளைஞர்களின் ஆடற்கூடங்களாயின. வெர்ட்ஹைம் என்னும் பழைய பேரங்காடியின் பாதாளக் காப்பறையில் 1991 மார்ச்சில் டிரெசோர் திறக்கப்பட்டது. டிரெசோரின் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட முதல் தட்டு டெட்ராயிட்டின் அக்குழுவினர் எக்ஸ்-101 என்னும் பெயரில் அளித்தது. இடிந்த இரு நகரங்கள் ஓர் ஓசையால் கைகோத்தன. ஆனால் தொலைக்காட்சி உலகுக்குக் காட்டியது வேறு. 1989இல் ஏறத்தாழ 150 பேருடன் பெர்லினில் தொடங்கிய லவ் பரேடு என்னும் ஊர்வலம், பத்தாண்டில் பல இலட்சம் பேர் திரளும் விழாவாயிற்று. அக்காட்சியே மீண்டும் மீண்டும் ஒளிபரப்பானமையால், டெக்னோ என்பது ஜெர்மானிய இளைஞர் கண்ட இசை என்று பலர் நம்பினர். 2010இல் டூயிஸ்பர்க் நகரில் நெரிசலால் 21 பேர் மாண்டதோடு அவ்விழா முடிவுற்றது.

முகம் காட்ட மறுத்தவர்களுக்கு வேறோர் இடரும் நேர்ந்தது. அண்டர்கிரவுண்டு ரெசிஸ்டன்ஸ் 1999இல் வெளியிட்ட "ஜாகுவார்" என்னும் இசையைப் பெருநிறுவனமான சோனியின் ஜெர்மானியக் கிளை, இசைவு பெறாமலே சுரம் பிசகாமல் மறுஆக்கம் செய்து வெளியிட முனைந்தது. உலகெங்கும் இருந்த நேயர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவே அம்முயற்சி கைவிடப்பட்டது. முகத்தை அறியாதபோதும் ஓசைக்கு உரியவரை நேயர்கள் அறிந்திருந்தனர் என்பது இந்நிகழ்ச்சியால் புலனாகிறது.

இசைக்கு உரை எழுதிய திரை

இதுகாறும் கூறியவற்றால் இசை வீடியோ என்பதே தீது என்று கொள்ளலாகாது. மூலநூலுக்கு உரை எத்தகையதோ, இசைக்கு வீடியோவும் அத்தகையது. நூலை மறைத்துத் தன்னை முன்னிறுத்தும் உரையும் உண்டு. அரிய நூலை எளியோர்க்கும் விளங்கவைக்கும் உரையும் உண்டு. பெர்லினின் ஸ்டுடியோ கே7 நிறுவனம் 1993 முதல் வெளியிட்ட எக்ஸ்-மிக்ஸ் வரிசையில் பாடகரோ ஆடுவோரோ முன்னிறுத்தப்படவில்லை. இசையோடு இயைந்து உருமாறும் கணிப்பொறி ஓவியங்களே திரையை நிறைத்தன.

நல்லுரைக்கு நாம் காட்டக்கூடிய சிறந்த சான்று, பிரெஞ்சு இயக்குநர் மிஷெல் கோந்த்ரி, டாஃப்ட் பங்க் குழுவின் "அரவுண்டு தி வேர்ல்டு" பாடலுக்கு 1997இல் ஆக்கிய வீடியோ. வட்ட மேடை ஒன்றில் ஐந்து கூட்டத்தார் ஆடுகின்றனர். ரோபோக்கள் குரலுக்கு உரியவர். விளையாட்டு வீரர்கள் படியேறியும் இறங்கியும் தாழ்சுர வரிசையைக் காட்டுவர். நங்கையர் உயர்சுர ஒலிக்கும், எலும்புக்கூடுகள் கிதாருக்கும், துணி சுற்றிய மம்மிகள் தாளப் பொறிக்கும் ஆடுவர். ஒரே இரைச்சலாகக் கேட்டது ஐந்து தனித்தனி இழைகளால் நெய்யப்பட்டது என்பதை, இசை அறியாதவரும் அதனைக் காணும் சில நிமிடங்களில் கண்டுகொள்வர். அவரே கெமிக்கல் பிரதர்ஸ் குழுவுக்காக 2002இல் ஆக்கிய "ஸ்டார் கிதார்" வீடியோவில், ஓடும் தொடர்வண்டியின் சாளரத்துக்கு வெளியே கம்பங்களும் பாலங்களும் தொழிற்சாலைகளும் தாளம் தவறாமல் வந்து போகின்றன. இவை இரண்டும் பதவுரை எழுதிய திரைகள்.

அந்த டாஃப்ட் பங்க் இளைஞர் இருவர் அதே 1997இல் வெளியிட்ட முதல் தொகுப்பில், "ஆசிரியர்கள்" என்னும் பொருளுடைய தலைப்பில் ஓர் உருப்படி உண்டு. தமக்கு முன்னே சென்ற கலைஞர்களின் பெயர்களை அடுக்கிச் சொல்வதே அதன் உள்ளடக்கம். டெட்ராயிட்டின் ஜெஃப் மில்ஸ், ராபர்ட் ஹூட் ஆகியோர் பெயர்களும் அதில் வருகின்றன. கற்பித்தவர் பெயரைச் சொல்லித் தொடங்கும் வழக்கம் நம்முடையது மட்டும் அன்று என்பதை அறிந்து நாம் மகிழ்கிறோம்.

முடிவுரை

2000ஆம் ஆண்டு மே மாதத்தில், டெட்ராயிட்டின் ஆற்றங்கரையில் உள்ள ஹார்ட் பிளாசாவில் அந்நகரின் முதல் மின்னணு இசை விழா நடைபெற்றது. உள்ளூர்க் கலைஞர் கார்ல் கிரெய்க் அதன் கலை இயக்குநராக இருந்தார். பிறந்த வீடு தன் பிள்ளையைக் காலந்தாழ்த்தியேனும் அடையாளம் கண்டது. அண்டர்கிரவுண்டு ரெசிஸ்டன்ஸ் குழுவினர் தம் கட்டடத்திலேயே டெக்னோவுக்கென ஓர் அருங்காட்சியகத்தை அமைத்தனர். 2024 மார்ச்சில் ஜெர்மானிய நாடு, பெர்லினின் டெக்னோப் பண்பாட்டைத் தன் தேசிய மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பெர்லினுக்கு அச்சிறப்புத் தகும். ஆனால் அதனைப் படிக்கும் மாணவர், பெர்லினுக்கு முன் டெட்ராயிட் ஒன்று உண்டு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இவ்விசையை விரும்புவதும் விலக்குவதும் அவரவர் உரிமை. நாம் மாணவர்க்கு வேண்டுவது வேறொன்று. இன்று ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு திரை உண்டு. நொடிக்கொரு முகத்தை அது காட்டுகிறது. காணும்போது, இக்குரல் எவருடையது, இவ்வோசை எந்த ஊரில் பிறந்தது, இதில் பெயர் விடுபட்டவர் எவர் என்று ஒருமுறையேனும் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களை நாம் வேண்டுவதும் ஒன்று உண்டு. பிள்ளைகளின் அறையிலிருந்து அவ்விரைச்சல் கேட்கும்போது, கதவைச் சாத்தச் சொல்லும் முன், ஆலைகள் அடைபட்ட ஓர் ஊரில் வேலையிழந்த இயந்திரங்களுக்குக் குரல் கொடுத்த மூன்று பள்ளி மாணவர்களை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அதன் பின்னும் கதவைச் சாத்தச் சொன்னால் அதில் குறையொன்றும் இல்லை.